இஞ்சியின் வேரும் எட்டின் வேரும்

நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்திற்கென்று ஒரு மீள்பார்வைத் தாள் பல்லாண்டுகளாகக் கைமாறி வருகின்றது. அதனை முதலில் ஆக்கியவர் இன்னாரென்று யாரும் சொல்வதில்லை. ஓர் ஆசிரியர் படியெடுத்து மற்றொருவருக்குத் தருகிறார். அவர் இரண்டு வரி சேர்த்து வேறொருவருக்குத் தருகிறார். பள்ளி மாறிச் செல்லும் ஆசிரியரோடு அதுவும் மாறிச் செல்கின்றது. ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபோது அத்தாளும் மறைந்துவிடும் என்று எண்ணினேன். மறையவில்லை. அண்மையில் ஓர் இளம் ஆசிரியையின் மேசைமீது அதனைக் கண்டேன். அச்சு புதிது, செய்தி பழையதே.

தாள் மூன்று பக்கங்கள் உடையது. முதற்பக்கத்தில் ஆங்கில இலக்கணப் பெயர்களும் அவற்றுக்கு நேரான தமிழ்ப் பெயர்களும். இரண்டாம் பக்கத்தில் செய்யுளுக்குரிய சொற்கள். மூன்றாம் பக்கத்தில் 'வேர்ச்சொற்கள்' என்னும் தலைப்பில், தமிழிலிருந்து பிறந்தனவாகச் சில ஆங்கிலச் சொற்கள். பயிற்சி முடித்து வந்த புதிதில் நானும் இத்தாளை வைத்துக் கற்பித்தவன். ஆகவே, இங்குக் கூறும் குறைகளில் எனக்கும் பங்கு உண்டு.

தாளின் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. தமிழில் கற்ற இலக்கணத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆங்கில வகுப்பிற்குள் நுழைய வேண்டும் என்று கருதுவோர் உளர். 2018ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய மொழித்தர அளவையை ஒட்டிய அயல்நாட்டு ஆங்கிலப் பாடநூல்கள் நம் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தன. அவை உலகத்துப் பிள்ளைகள் அனைவருக்குமாக எழுதப்பட்டவை. ஜொகூர்த் தோட்டப் பள்ளியில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு தமிழும், வகுப்பில் ஒரு தமிழும், வெளியே மலாயும் உண்டென்பது அந்நூல்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்த நாமாவது அதனைப் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தவரே இத்தாளை ஆக்கியிருப்பார். நினைப்பு நன்று. ஆனால் ஒப்பிடுதல் வேறு, சமன் செய்தல் வேறு. தாள் செய்வது பின்னது.

முதற்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 'நவுன்' என்றால் பெயர்ச்சொல், 'வெர்ப்' என்றால் வினைச்சொல். பிழையில்லை. ஆனால் அப்பெயர்களுக்கே பொருள் உண்டென்பதைத் தாள் சொல்வதில்லை. நவுன் என்பதன் மூலம் 'நோமென்' என்னும் இலத்தீன் சொல். அதன் பொருள் பெயர் என்பதே. 'அட்வெர்ப்' என்பது வெர்புக்கு அருகில் நிற்பது. நம் 'வினையடை' என்பதும் அதுவே. 'அட்ஜெக்டிவ்' என்பது அருகே இடப்பட்டது. 'கன்ஜங்ஷன்' என்பது ஒன்றாகப் பூட்டுவது; மாட்டை நுகத்தில் பூட்டுவதற்குரிய சொல்லோடு உறவுடையது. 'பிரிபொசிஷன்' என்பது முன்னே வைக்கப்பட்டது. இவ்வளவும் சொல்லப் பத்து நிமிடம் போதும். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு அவை வெறும் ஓசைகள். ஓசையை மனப்பாடம் செய்தவன் தேர்வு முடிந்த மறுநாளே அதனை மறந்துவிடுகிறான்.

மூன்றாம் வரியில் தாள் வழுக்குகின்றது. 'அட்ஜெக்டிவ் = உரிச்சொல்' என்கிறது. இப்பிழை தாளோடு பிறந்ததன்று. சில அகராதிகளிலும் காணலாம். தொல்காப்பியர் உரியியலில் கூறும் உரிச்சொற்கள் இசையும் குறிப்பும் பண்பும் பற்றி வருவன. பெயரையும் தழுவும், வினையையும் தழுவும். 'நனி நல்லன்' என்னும்போதும் 'நனி உண்டான்' என்னும்போதும் வருவது ஒரே உரிச்சொல். ஆங்கிலக் கண்கொண்டு நோக்கின் இரண்டிடத்தும் அது அட்வெர்பாகவே நிற்கும். பிள்ளை நாள்தோறும் பேசும் 'நல்ல பையன்', 'சிவந்த பூ' என்பவை உரிச்சொற்கள் அல்ல, அவை பெயரெச்சங்கள். பெயருக்கு அடையாய் வருவதால் பெயரடை என்று இக்காலப் பாடநூல் வழங்குவதே பொருந்தும்.

இவ்விடத்தில் ஆங்கில இலக்கணத்தின் பழங்கதையையும் அறிதல் நலம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான டயனீசியஸ் திராக்ஸ் என்னும் கிரேக்கர் பெயரால் வழங்கும் இலக்கண நூல் சொற்களை எட்டாக வகுக்கின்றது. அவ்வெட்டில் அட்ஜெக்டிவ் இல்லை. அது பெயருக்குள் ஓர் உட்பிரிவாக அடங்கியிருந்தது. இலத்தீன் இலக்கணத்தாரும் அவ்வாறே கொண்டனர். அவர்வழி வந்த ஆங்கிலேயரும் 'நவுன் அட்ஜெக்டிவ்' என்றே நெடுங்காலம் எழுதி, பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அதனைத் தனி வகையாகப் பிரித்து நிலைநிறுத்தினர். தமிழில் அட்ஜெக்டிவுக்கெனத் தனி இயல் இல்லையே என்று வருந்தி உரிச்சொல்லை அவ்விடத்தில் இழுத்து வைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம். சீகன்பால்கு 1716ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கண நூல் இலத்தீன் சட்டையைத் தமிழுக்கு மாட்டியது. முந்நூறு ஆண்டு கழித்து நாம் தமிழ்ச் சட்டையை ஆங்கிலத்திற்கு மாட்டுகிறோம். இரண்டும் தோளில் பிடிக்கின்றன.

அடுத்த வரி: 'பிரிபொசிஷன் = இடைச்சொல்.' இது முழுப் பிழையன்று. அதனால்தான் கேடு மிகுதி. வேற்றுமை உருபு இடைச்சொல்லே. ஆனால் சாரியையும் விகுதியும் உவம உருபும், ஏகார ஓகாரங்களும், 'உம்' என்பதும் இடைச்சொற்களே. தேங்காய் என்றால் என்ன என்று கேட்டவனுக்கு 'மரத்தில் காய்ப்பது' என்று விடை சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஆங்கிலப் பிரிபொசிஷன் தமிழில் பெரும்பாலும் வேற்றுமை உருபாகவோ, மேல், கீழ், பற்றி போன்ற சொல்லுருபாகவோ வரும். அங்கே பெயருக்கு முன், இங்கே பெயருக்குப் பின். இதனை மட்டும் சொல்லிப் பிள்ளைகளைக் கரும்பலகைக்கு அழைத்துப் பாருங்கள். 'வீட்டில்', 'சுவரில்', 'நிலையத்தில்' என்று மூன்று சொற்களை எழுதி ஆங்கிலம் கேளுங்கள். 'இன் த ஹவுஸ்', 'ஆன் த வால்', 'அட் த ஸ்டேஷன்'. தமிழில் ஓர் 'இல்' செய்த வேலையை ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் இன், ஆன், அட் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவதற்குச் சோம்பல் காரணமன்று. ஏழாம் வேற்றுமையே காரணம். அவன் தன் தாய்மொழியின் விதிப்படி ஒழுங்காகவே நடக்கிறான். காரணம் தெரிந்த ஆசிரியர் சிவப்பு மையைச் சிறிது குறைத்துக்கொள்வார்.

'டோல்ட் டு ஹிம்' என்று எழுதும் பிள்ளையும் 'அவனிடம் சொன்னேன்' என்பதையே எழுதுகிறான். 'டிஸ்கஸ் அபௌட்' என்பவன் 'பற்றி' என்னும் சொல்லை விட மனமின்றிக் கூடவே அழைத்து வருகிறான். 'த கேம் பாய்' என்று ஒருவன் எழுதியதைக் கண்டு ஓர் ஆசிரியர் நகைத்தார். எனக்கு நகைப்பு வரவில்லை. 'வந்த பையன்' என்னும் பெயரெச்சத் தொடரை அவன் சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறான். தமிழ்ப் பெயரெச்சம் பெயருக்கு முன் நின்று செய்வதை ஆங்கிலம் பெயருக்குப் பின் 'ஹூ கேம்' என்று ஒரு வாலை ஒட்டிச் செய்கின்றது என்று ஒருமுறை காட்டினேன். அவ்வாண்டில் அவ்வகுப்பில் அப்பிழை திரும்ப வரவில்லை.

வேற்றுமை ஆங்கிலத்தில் இல்லை என்று பொதுவாகக் கற்பிக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் இருந்தது, சிதைந்து போயிற்று. எஞ்சியவை 'ஹி, ஹிம், ஹிஸ்' போன்ற பதிலிப் பெயர்களில் கிடக்கின்றன. அவன், அவனை, அவனுடைய என்று வேற்றுமையாகவே அவற்றைக் காட்டலாம். இன்னும் ஒரு சுவையான சொல் உண்டு. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'மீதிங்க்ஸ்' என்பர். 'நான் நினைக்கிறேன்' என்று அதற்குப் பொருள் எழுதுவது தளர்ந்த பொருள். 'எனக்குத் தோன்றுகிறது' என்பதே அதன் சொல்லமைப்பு. 'மீ' என்பது அங்கே நான்காம் வேற்றுமை. 'லைக்' என்னும் வினையும் பண்டு அவ்வாறே நடந்தது. விரும்பும் ஆள் எழுவாயாகாமல், விரும்பப்படும் பொருளே எழுவாயாய் நிற்கும். 'எனக்குப் பிடிக்கிறது' என்று நாம் இன்றும் சொல்கிறோம் அல்லவா? ஆங்கிலேயர் விட்டுவிட்ட வழியில் நாம் நடந்துகொண்டிருக்கிறோம். இதனை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்கள் முகத்தில் கண்ட வியப்பை எந்த மீள்பார்வைத் தாளும் உண்டாக்கியதில்லை.

சொல்லாக்கத்தில் நமக்கு மற்றொரு கருவி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பதவியல் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பிரித்துக் காட்டுகின்றது. சொல்லைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழ் மாணவனுக்குப் புதிதன்று. 'டீச்சர்' என்பதில் 'டீச்' பகுதி, 'அர்' விகுதி என்று நொடியில் சொல்லிவிடுவான். ஆனால் 'அன்ஹேப்பி', 'ரீரைட்' என்று வரும்போது தயங்குகிறான். காரணம், நன்னூலின் ஆறு உறுப்புகளில் முன்னொட்டு இல்லை. தமிழ்ச் சொல் வலப்பக்கமாகவே வளர்கின்றது. 'மகிழ்ச்சியற்ற', 'பயனில்லாத' என்று இன்மையையும் பின்னால்தான் ஒட்டுகிறோம். அநீதி, நிர்மூலம் முதலியவற்றில் முன்னே வருபவை வடமொழி கொணர்ந்தவை.

இங்கே நமக்குத் துணைநிற்பது மலாய். மலாயில் 'துலிஸ்' என்றால் எழுது. 'மெனுலிஸ்' எழுதுதல், 'பெனுலிஸ்' எழுதுபவர், 'டித்துலிஸ்' எழுதப்பட்டது. முன்னொட்டு என்பதை நம் பிள்ளை மலாய் வகுப்பில் நாள்தோறும் கையாள்கிறான். பின்னொட்டைத் தமிழும் முன்னொட்டை மலாயும் முன்பே கற்பித்துவிட்டன. ஆங்கில ஆசிரியர் செய்ய வேண்டுவது இரண்டையும் ஒரே சொல்லில் காட்டுவதுதான். 'டிரான்ஸ்போர்ட்டேஷன்' என்பதில் 'போர்ட்' பகுதி. இலத்தீனில் சுமத்தல் என்பது பொருள். 'டிரான்ஸ்' முன்னே, 'ஏஷன்' பின்னே. அதே 'போர்ட்' இம்போர்ட், எக்ஸ்போர்ட், போர்ட்டர், ரிப்போர்ட் என்று எத்தனை சொற்களைச் சுமக்கின்றது என்று பிள்ளைகளே பட்டியல் போடுவர்.

சந்தியும் பயன்படும். 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டு 'பாசிபிள்' என்பதோடு சேரும்போது 'இம்பாசிபிள்' ஆவது ஏன்? ஆங்கில நூல்கள் இதனை ஒரு விதியாகச் சொல்லி நகர்ந்துவிடும். மரம் என்பது கள் விகுதியோடு சேர மரங்கள் ஆகிறது. தான் என்பதோடு சேர மரந்தான் ஆகிறது. வரும் வல்லெழுத்துக்கு இனமான மெல்லெழுத்தாக மகரம் திரிகின்றது என்று நம் பிள்ளை அறிவான். பகரத்தின் இனம் மகரம். 'பாசிபிள்' முன் 'இன்' என்பது 'இம்' ஆனதில் அவனுக்கு வியப்பு என்ன இருக்கின்றது? வாய் ஒன்றுதானே!

இரண்டாம் பக்கத்தில் 'ரைம் = எதுகை' என்றிருக்கின்றது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. அடியின் தலையில் நின்று ஒலிப்பது. ஆங்கில ரைம் அடியின் இறுதியில் நிற்பது. நம் இயைபுக்கு நெருங்கியது. 'கண்ணன்', 'மண்வெட்டி' என்பவை எதுகை. ஆங்கிலச் செவிக்கு அவை ரைம் ஆகா. பட்டு, கட்டு, தட்டு போன்ற சிறு சொற்களில் இரண்டும் ஒன்றாய் அமைவதால் வந்த மயக்கம் இது. விளைவைப் பாருங்கள். ஒரு மாணவி 'கேட்', 'ஹேண்ட்' இரண்டையும் ரைம் என்று எழுதியிருந்தாள். ஏனென்று கேட்டேன். "இரண்டாம் எழுத்து ஒன்றாக இருக்கிறதே ஐயா" என்றாள். இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ஏ'. அவள் எதுகையின் இலக்கணத்தைச் சரியாகப் படித்திருந்தாள்; பொருந்தாத சமன்பாட்டைக் கொடுத்தவர் நாம்.

'சிமிலி'க்கு உவமை என்பது பொருத்தம். 'மெட்டபர்' உருவகம் என்பதும் பொருத்தமே. ஆனால் 'லைக் அல்லது ஆஸ் வந்தால் சிமிலி' என்று தாள் ஒரு குறுக்குவழி காட்டுகின்றது. 'ஐ லைக் டுரியன்' என்னும் தொடரில் லைக்கின் கீழ்க் கோடிட்டுச் சிமிலி என்று எழுதிய மாணவனை நான் அறிவேன். தமிழ் வகுப்பில் அவனே உவமைத்தொகையையும் படிக்கக்கூடியவன். மலர்க்கை என்றால் மலர் போன்ற கை. உருபு மறைந்திருக்கும், உவமை மறையாது. கைமலர் என்று முன்பின்னாக மாற்றினால் உருவகமாகிவிடும். உவமைக்கு உயிர் உருபன்று, இரு பொருள்களின் ஒப்புமையே என்பதைத் தமிழ் இவ்வளவு நுட்பமாகக் காட்டியிருக்க, ஆங்கில வகுப்பில் லைக்கைத் தேடிக் கோடு போடச் சொல்கிறோம்.

'பெர்சோனிபிகேஷன் = தற்குறிப்பேற்றம்' என்பதையும் விட்டுவிட முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டா என்று தடுப்பதாக இளங்கோவடிகள் கூறுமிடம் எல்லோரும் அறிந்தது. இயல்பாக நிகழும் அசைவின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார். அதற்கு ஒரு காரணம் கற்பிக்கிறார். காற்று முணுமுணுத்தது என்று ஆங்கிலப் பாட்டில் வருவதில் அத்தகைய காரணம் எதுவும் இல்லை. அஃறிணைக்கு உயர்திணைச் செயல் மட்டுமே உண்டு. இரண்டும் சில இடங்களில் கலக்கும். கலப்பன எல்லாம் ஒன்றாகிவிடா.

இனி மூன்றாம் பக்கம். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. இதனைக் குறை கூறினால் சிலர் வருந்துவர் என்பதும் தெரியும். 'எட்டு' என்பதிலிருந்து 'எயிட்' வந்தது, 'ஒன்று' என்பதிலிருந்து 'வன்' வந்தது என்று அப்பக்கம் தொடங்குகின்றது. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். கைதட்டுவர்.

எட்டைத் தமிழுக்குள்ளேயே நிறுத்திப் பார்ப்போம். எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்கிறோம். இவற்றில் நிற்பது 'எண்'. கன்னடத்தார் 'எண்டு' என்பர். அங்கே ணகரம் கண்ணுக்குத் தெரிகின்றது. எனவே நம் எட்டின் பகுதி 'எண்'. டகரம் பின்னர்ச் சேர்ந்தது. ஆங்கிலத்திற்குச் செல்வோம். எயிட்டின் எழுத்துக்கூட்டில் ஒலிக்காத ஜி, எச் என்னும் இரண்டு எழுத்துகள் ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்பான். முன்னொரு காலத்தில் அங்கே தொண்டையிலிருந்து எழும் ஓர் ஒலி இருந்தது. அதன் கல்லறைக் கற்களே அவ்வெழுத்துகள். ஜெர்மானியர் இன்றும் 'ஆக்ட்' என்கின்றனர். இலத்தீனில் 'ஒக்டோ', வடமொழியில் 'அஷ்ட'. அக்டோபர் பழைய ரோமானியருக்கு எட்டாம் மாதம். அந்தக் குடும்பத்தில் டகரத்தின் முன் ககரம் போன்ற ஒலி; நம் குடும்பத்தில் ணகரம். பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றனவேயன்றி நெருங்கவில்லை. உறவுடைய சொற்கள் பழைய வடிவில் நெருங்க வேண்டும். இவை நேற்றுச் சந்தையில் தற்செயலாய் ஒரே நிறச் சட்டையில் வந்த இருவர்.

'வன்' கதையும் இதுவே. அதன் தலையிலுள்ள வகர ஒலி ஆங்கிலத்தில் பிற்காலத்தில் ஏறியது. 'ஓன்லி', 'அலோன்' என்னும் சொற்களில் பழைய ஒலி அப்படியே இருக்கின்றது. இலத்தீனின் 'ஊனுஸ்' அதன் சுற்றம். நம் ஒன்றுக்குச் சுற்றம் ஒரு, ஓர், ஒருவன், ஒற்றை என்பவை.

அவ்வாறாயின் ஆங்கிலத்தில் தமிழ்ச் சொல் இல்லையா? உண்டு, தாளில் அவற்றுக்குக் கிடைத்த இடம்தான் சிறிது. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டாணி' ஆயிற்று. மாங்காய், மலாய் அல்லது மலையாளத்தின் வழியாகப் போர்த்துகேயர் வாயில் புகுந்து 'மேங்கோ' ஆயிற்று. நம் பிள்ளைகள் மலாயில் 'மங்கா', 'மெம்பெலாம்' இரண்டும் கேட்டிருப்பர், பின்னது மாம்பழமே. கடை 'கெடாய்' ஆனதும், கப்பல் 'காப்பால்' ஆனதும், முதல் 'மொடால்' ஆனதும், கட்டில் 'காத்தில்' ஆனதும் அவர்கள் கண்ணெதிரே இருக்கும் சான்றுகள்.

எல்லாவற்றினும் எனக்கு விருப்பமானது 'ஜிஞ்சர்'. பழைய ஆங்கிலத்தில் அது 'ஜிஞ்சிபெர்' என்பது போல் ஒலித்தது. அதற்கு முன் இலத்தீனில் 'சிங்கிபெர்', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', பாலியில் 'சிங்கிவேர'. மூலம் திராவிடச் சொல்லான இஞ்சியும் வேரும். பாலியில் உள்ள முதற் சகரம் தமிழில் எங்கே என்று கேட்கலாம். சொல்முதற் சகரம் தமிழில் சில சொற்களில் கெட்டிருக்கின்றது என்பது திராவிட மொழிநூலார் கண்ட முடிபு. நம் ஆறு என்னும் எண்ணைக் கோண்டி மொழியார் 'சாருங்' என்கின்றனர். வடமொழியார் இதே சொல்லைச் 'சிருங்கவேரம்' ஆக்கிக் கொம்பின் வடிவுடையது என்று பொருள் கற்பித்தனர். அவர்களும் அன்று ஒரு மூன்றாம் பக்கம் எழுதியிருக்கிறார்கள்! வேர் என்னும் நம் சொல், ஆங்கிலேயன் நாள்தோறும் உண்ணும் ஒரு சொல்லின் வாலில் தேய்ந்து கிடக்கின்றது. இதற்கு வழி உண்டு, வணிகம் உண்டு, ஒவ்வொரு நிலையத்திலும் எழுத்துச் சான்று உண்டு. எட்டுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

இடைப்பட்ட சொற்களும் உண்டு. அரிசியிலிருந்து கிரேக்க 'ஒருசா'வும் அதன்வழி 'ரைஸ்' என்பதும் வந்தன என்று கால்டுவெல் கருதினார். பின்வந்தோர் பலர் கீழை ஈரானிய மொழிகளின் வழியாக வேறு மூலம் காட்டுகின்றனர். அத்தகைய சொல்லை 'ஆராயப்படுவது' என்று எழுதினால் பிள்ளையின் அறிவுக்குக் குறைவு வராது.

வேர் கண்டு மொழியுறவு காட்டும் முறை நமக்கு அயலானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1816ஆம் ஆண்டில் சென்னையில் எல்லிஸ் துரை, காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்திற்கு வரைந்த முன்குறிப்பில், தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றின் வேர்களையும் நிரல்பட வைத்து, அவை வடமொழியின் கிளைகள் அல்ல என்று நிறுவினார். நாற்பதாண்டு கழித்து, 1856இல், கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது. தமிழ் தனித்து நிற்கும் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது என்று உலகம் ஏற்றது இம்முறையால்தான். ஒலி ஒழுங்கு இன்றி, ஓசை ஒப்புமையை மட்டும் கொண்டு எட்டும் எயிட்டும் ஒன்றென்போமாயின், தமிழ்ச் சொல்லெல்லாம் வடசொல்லே என்று அதே வகையான ஒப்புமை காட்டி வாதிட்டவர்களுக்கு நாம் என்ன மறுமொழி கூறுவோம்?

தேவநேயப் பாவாணரின் பெயரைச் சொல்லி என்னை மறுப்போர் உளர். 1940இல் வெளிவந்த அவருடைய 'ஒப்பியன் மொழிநூல்' என் மேசையில் இருக்கின்றது. பள்ளி ஆசிரியராய்ப் பல்லாண்டு உழைத்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி அன்பும் உண்டு. ஒரு தமிழ் வேரிலிருந்து பத்துச் சொற்கள் கிளைத்துப் பொருள் விரிவதை அவர் காட்டும் இடங்கள் வகுப்பறைக்குப் பொன் போன்றவை. தமிழே ஆரிய மொழிகளுக்கும் மூலம் என்னும் அவருடைய முடிபை உலக மொழிநூலார் ஏற்கவில்லை. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விடுவது அவருக்குச் செய்யும் இழிவு என்று நான் கருதவில்லை. பத்து வயதுப் பிள்ளை நாளைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில வேர்ச்சொல் அகராதியைத் திறப்பான். எயிட்டின் கீழ் எட்டு இராது. அன்று அவன் நம்மை மட்டுமா ஐயுறுவான்? நாம் மெய்யாகச் சொன்ன இஞ்சியையும் சேர்த்தே ஐயுறுவான்.

மூன்றாம் பக்கத்தை நான் இப்போது வேறு விதமாக நடத்துகிறேன். பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொல்கிறேன். ஒருமுறை 'லயம்' வந்தது. பாட்டன்மார் வாழ்ந்த தொழிலாளர் வீட்டு வரிசைக்கு வழங்கிய பெயர். இசையின் லயத்தோடு அதற்கு உறவில்லை. 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லே அப்படித் திரிந்தது. லைனின் மூலம் இலத்தீனில் ஆளிச்செடி நூலைக் குறித்த சொல். 'லினன்' துணியும் அதன் உறவு. மற்றொரு நாள் ஒரு மாணவன் 'பெரட்டு' என்பதைக் கொண்டு வந்தான். விடியுமுன் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்பது வழக்கம். பாட்டி நாற்பதாண்டு பெரட்டுக்குப் போனவராம். அது 'பரேட்' என்றேன். பிரெஞ்சு வழியாக வந்தது, ஆயத்தம் செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையை மூலமாகக் கொண்டது, 'பிரிப்பேர்' என்பதும் 'ரிப்பேர்' என்பதும் அதன் உடன்பிறப்புகள் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

அவன் சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பெரட்டைத் தமிழ்க் கட்டத்தில் எழுதுவதா, இங்கிலீஷ் கட்டத்தில் எழுதுவதா ஐயா?" என்று கேட்டான். இரண்டிலும் எழுதி, நடுவில் ஓர் அம்புக்குறி போடச் சொன்னேன். எந்தப் பக்கம் நோக்கிப் போடுவது என்று உடனே அடுத்த கேள்வி கேட்டான்.